பிஞ்சு வெம்பினால் உரத்தைத் தேடாதீர்கள்

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் மாடித்தோட்டம் போட்டவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி: "அக்கா, பூ நிறைய வருது, பிஞ்சு மஞ்சளாகி விழுந்துடுது, என்ன உரம் போடலாம்?" பெரும்பாலும் உரத்தில் குறை இருக்காது. பூவுக்குப் பூச்சி வந்திருக்காது. ஏற்காட்டு அரபிகா காபிக்குத் தன் மகரந்தமே போதும். பூசணிக்கும் சுரைக்கும் அந்த வசதி கிடையாது; ஆண்பூ வேறு, பெண்பூ வேறு, மகரந்தத்தைப் பூச்சிதான் கொண்டுபோக வேண்டும்.

காம்புக்கும் இதழுக்கும் நடுவே குட்டிக் காயோடு வருவது பெண்பூ. வெறும் காம்போடு வருவது ஆண்பூ; அது உதிர்ந்தால் கவலை வேண்டாம்.

அப்புறம் நேரம். மஞ்சள் பூசணி விடியலில் விரிந்து, வெயில் ஏறும்போதே சுருங்கிவிடும்; அதற்குத் தேனீதான் கதி. பீர்க்கு சாயங்காலம் விரியும். சுரையும் புடலையும் இருட்டுகிற நேரத்தில் வெள்ளையாக விரிவது அந்துப்பூச்சிகளுக்காக. மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு "ஒரு பூச்சிகூட இல்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை.

பூச்சி வராவிட்டால் அந்த வேலையை நாமே செய்யலாம். அன்று விரிந்த ஆண்பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் நடுவில் எல்லாப் பக்கமும் படும்படி மெதுவாகத் தடவுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும். பூசணிக்குக் காலை எட்டு மணிக்குள், சுரைக்கு விளக்கு வைத்தபின். மறுநாள் வாடிய பூவில் தடவிப் பயனில்லை.

கத்தரிக்கு இந்தத் தடவல் வேண்டாம். அதன் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், நுனியில் சின்னத் துளைதான். பெரிய கருவண்டு பூவைக் கட்டிப்பிடித்து 'ர்ர்ர்' என்று அதிரும்போது தூள் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் நம் அடுக்குத் தேனீக்கு அந்த வித்தை வராது. வண்டு வராத மாடியில் காலையில் பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். பேட்டரி பல்துலக்கி இருந்தால் அதைக் காம்பில் வைத்து அதிரவிடுவது இன்னும் நல்லது.

பூச்சிகளை வரவழைக்க என் வழி: துளசிக் கதிரை முழுக்கக் கிள்ளாமல் பாதியை விடுவேன். மாமியாருக்கு இது பிடிக்காது. சேலத்துச் சித்திரை வெயிலுக்கு, கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் வைப்பேன். அடுக்கு ரோஜா அழகுதான், தேனீக்கு அதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. வேப்பெண்ணெய் அடித்தால் இலையின் அடிப்பக்கம் மட்டும். விரிந்த பூவில் படவே கூடாது. கருவண்டு காய்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துத்தான் முட்டையிடும், அதனால் பழைய பந்தல் மூங்கிலில் இரண்டு துண்டைச் சுவரோரம் படுக்கவைத்துக் கட்டிவிடுங்கள்.