மாடிஃபை செய்த டூரிங் பைக்கில் மலையேறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்போர்ட் டூரிங் பைக் வாங்கியதும் பலரும் முதலில் கை வைப்பது சைலன்சரில்தான். அப்புறம் ஏர் ஃபில்டர், ஹேண்டில்பார், பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போய், சஸ்பென்ஷன் கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும், சிலருக்கு அதுவும் வராது. நேர்ச்சாலையில் இது பெரிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவுகள் வரிசையாக வரும் மலைப்பாதையில் கொஞ்ச நேரத்திலேயே சாயம் வெளுத்துவிடும். வண்டி வளைவுக்குள் இறங்க அடம் பிடிக்கும், இல்லை இறங்கிய கோட்டில் நிற்காமல் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு போகும். உடனே "இந்த மாடலே இப்படித்தான்" என்று பழியைத் தூக்கி வண்டி மேல் போடுவார்கள்.

பெரிய தவறு, சேக் அளக்காமல் கிளம்புவது. ஜாக்கெட், ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு நீங்கள் உட்காரும்போது சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் சேக். பின்சக்கரம் தரையில் படாமல் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே வால் பகுதியில் ஒரு புள்ளி வரை டேப்பால் அளந்துகொள்ளுங்கள், பிறகு இறக்கி ஏறி உட்கார்ந்து இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். சாலை வண்டிகளுக்கு வித்தியாசம் 30 முதல் 40 மில்லிமீட்டர் இருந்தால் சரி. பெட்டிகளை நிரப்பி, பின்னால் ஒருவரையும் ஏற்றினால் இது எளிதாக எகிறிவிடும். பின்பக்கம் தணிந்தால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கூடுதலாகச் சாயும், முன்சக்கரத்தின் மேல் விழும் எடை குறையும், வளைவில் வண்டி வெளியே அகலுவது அதனால்தான்.

சரி, ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோடைத் திருகினால் போதுமா? அதில்தான் இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. ப்ரீலோடைக் கூட்டினால் சாதாரண ஸ்பிரிங் கடினமாவதில்லை, வண்டியின் உயரம்தான் மாறும். நீங்கள் உட்காரும்போது சேக் சரியாக வந்தும், ஆள் இல்லாமல் நிற்கும்போது வண்டி தன் எடைக்கே கொஞ்சமும் இறங்கவில்லை என்றால், அந்த ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது, மாற்றத்தான் வேண்டும். அமுங்கிய சஸ்பென்ஷன் திரும்ப எழும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்டை இறுக்கி வைப்பதும் வேண்டாம். மேடுபள்ளம் அடுத்தடுத்து வரும்போது சஸ்பென்ஷன் எழுந்திருப்பதற்குள் அடுத்த அடி விழும், அப்படியே படிப்படியாகத் தணிந்து கல்லாகிவிடும்.

வளைவில் சட்டென்று திரும்ப வேண்டும் என்று ஃபோர்க் குழாய்களை, அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்பில் மேலே ஏற்றுபவர்கள் உண்டு. நல்ல வித்தைதான், ஆனால் ஒரு தடவைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள். அதிகமானால் வேகத்தில் ஹேண்டில் நடுங்கும், முழுதாக அமுங்கும்போது மட்கார்டு ரேடியேட்டரில் இடிக்கவும் வாய்ப்புண்டு.

ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர் மாட்டியிருந்தால் ஒரு சோதனை: இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். சத்தம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். குறுகிய வளைவில் ஹேண்டிலை முழுக்க ஒடித்திருக்கும்போது வண்டி தானாகவே முன்னால் பாய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டி என்றாலும் பிரேக் ஹோஸும் வயர்களும் விறைக்கிறதா என்று பாருங்கள்.

பிரேக்கில், ரேஸ் டிராக்குக்கான பேடை மாட்டுவது வீண் ஆசை. அது நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், காலைக் குளிரில் முதல் வளைவுக்கு அது உதவாது. பிரேக் ஆயிலைத்தான் பலரும் மறக்கிறார்கள். டாட் 4 தரத்தில் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வந்தால் லிவர் பஞ்சாகிவிடும். கியரைக் குறைத்து இன்ஜினையே வேகத்தைப் பிடிக்கவிடுங்கள்.

டயரைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 180 மில்லிமீட்டர் அகல டயருக்கு அளவான ரிம்மில் 190 போட்டால் பின்னாலிருந்து பார்க்க அழகாக இருக்கும், திருப்ப மந்தமாக இருக்கும்.

உயரத்தில் இழுவை குறைந்தால் உடனே சைலன்சரையும், இன்ஜினை நடத்தும் கணினியான இசியூவின் மேப்பையும் திட்டுகிறார்கள். டர்போ இல்லாத எந்த இன்ஜினும் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும், காற்றின் அடர்த்தி குறைவதுதான் காரணம். அதேபோல் புது டயரையும் புது ஷாக்கையும் ஒரே நாளில் மாட்டிவிட்டு, எதனால் வண்டி நன்றாக ஓடுகிறது என்று தீர்ப்பு சொல்வதிலும் பொருளில்லை. ஒன்றை மாற்றி, அதே பாதையில் அதே சுமையோடு ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். சஸ்பென்ஷன் அசையும் வேகத்தை மாற்றும் டேம்பிங் ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன் அது முழுதாக மூட எத்தனை கிளிக் ஆகிறது என்று எண்ணி எழுதி வைத்துவிடுங்கள், பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப அந்த எண் வேண்டும்.