ஏர் ரைஃபிள் பெல்லெட்டை வீட்லயே பொறுக்கி தரம் பிரிக்கிறது எப்படி

வெளிநாட்டுல ரைஃபிள் சுடுறத பொழுதுபோக்கா வச்சிருக்கவங்க நெறைய பேரு தோட்டாவ வீட்லயே ரீலோட் பண்ணிப்பாங்க, அதாவது சுட்டு முடிச்ச வெத்துக் கூட்டுல புதுசா மருந்தும் குண்டும் போட்டு திரும்ப தோட்டாவாக்கிடுவாங்க. காசு மிச்சம்ங்கிறது ஒரு காரணம், அந்த பித்தளைக் கூட்ட திரும்பத் திரும்ப பயன்படுத்தலாம்ல. ஆனா பெரிய காரணம் வேற, ஒவ்வொரு தோட்டாவும் அச்சு அசலா ஒண்ணு போல இருக்கணும், தன்னோட துப்பாக்கிக்குன்னே பொருந்தணும், அதுக்குத்தான் மெனக்கெட்டு உக்காருறாங்க. நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிச்சா 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அதனால அந்தப் பக்கமே போகாதீங்க. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கம் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுற பசங்க அதே மெனக்கெடல பெல்லெட்ல காட்டலாம், அது காத்தழுத்தத்துல பாயுற சின்ன ஈயக் குண்டுதான், இதுல வெடிமருந்தே கெடையாது.

பலன் இருக்குமான்னு கேக்காதீங்க, கண்டிப்பா இருக்கு. டார்கெட்ல 10 பாயிண்ட் தர்ற நடுப்புள்ளி வெறும் 0.5 மில்லிமீட்டர் அகலம், கால் மில்லிமீட்டர் தள்ளிப் போனா 0.1 பாயிண்ட் போச்சு.

மொதல்ல பழைய வெள்ளை வேட்டித்துணிய நாலா மடிச்சு அதுல பெல்லெட்ட கொஞ்சம் கொஞ்சமா கொட்டுங்க. பெல்லெட் பாக்க குட்டி உடுக்கை மாதிரி இருக்கும், தலை தட்டை, இடுப்பு ஒடுக்கம், பின்னாடி பாவாடை மாதிரி விரிஞ்ச குழி, அதுக்குப் பேரு ஸ்கர்ட். அந்த ஸ்கர்ட் விளிம்புதான் முக்கியம், ஈயம் மெத்துன்னு இருக்கறதால டப்பா கீழ விழுந்தாலே நசுங்கிடும், நசுங்குன பக்கமா காத்து கசிஞ்சு குண்டு திசை மாறிடும். ட்யூப்லைட்டுக்கு நேரா புடிச்சு உருட்டிப் பாருங்க, வட்டம் கோணலா தெரிஞ்சா தனியா போட்ருங்க, லேசாத்தானே நசுங்கிருக்குன்னு விட்டுடாதீங்க.

அப்புறம் எடை. மில்லிகிராம் காட்டுற சின்ன டிஜிட்டல் தராசு போதும், ஆனா ஃபேன நிறுத்திட்டுதான் போடணும், சுத்துற காத்துக்கே நம்பர் ஆடும். போட்டிக்குன்னு செய்யுற மேட்ச் பெல்லெட் பெரும்பாலும் 0.53 கிராம் வாக்குல வரும், அதுல ரொம்ப ஏறுனது எறங்குனத ஒதுக்குங்க. எடை போடத்தான் எல்லாரும் மொதல்ல ஓடுறாங்க, என்னைக் கேட்டா ஸ்கர்ட் பாக்காம எடை போடுறது வீண் வேலை.

இதையெல்லாம் விட பெருசு தலை சைஸ். டப்பாவுல 4.49, 4.50, 4.51னு மில்லிமீட்டர்ல போட்டிருக்கும், எது உங்க பேரலுக்கு ஒத்துவரும்னு சுட்டுப் பாத்தாதான் தெரியும். முடிஞ்சா துப்பாக்கிய க்ளாம்ப்ல கட்டி ஒவ்வொரு சைஸ்லயும் ஒரே புள்ளிக்கு பத்து சுடுங்க, ஓட்டை எதுல சின்னதா வருதோ அதான் உங்களுது, கெடச்சதும் அதே லாட் நம்பர்லயே (ஒரே தடவையில தயாரான சரக்குக்கு டப்பாவுல போடுற நம்பர்) நாலஞ்சு டப்பா சேத்து வாங்கிடுங்க, ஏன்னா லாட் மாறுனா பழையபடி சுட்டுப் பாக்கணும்.

நம்ம டெல்டாவுல ஐப்பசி கார்த்திகைல ஈரம் சுவத்துலயே ஊறி நிக்கும், அப்ப ஈயத்து மேல வெள்ளையா மாவு பூத்துடும். பிரிச்சத மூடி இறுக்கமான டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வைங்க, மாவு பூத்த பெல்லெட்ட சுடுறதுக்கு எடுக்காதீங்க. ஈயம் விஷம், அதனால அடுப்படியில வச்சு இந்த வேலை செய்யவே கூடாது, நடுவுல டீ காபி முறுக்கு எதுவும் வேணாம், முடிச்சதும் சோப்பு போட்டு கைய கழுவுங்க, சின்னப் புள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. எடை மட்டும் ஒத்துவராம ஒதுக்குனத தூக்கிப் போட வேணாம், ட்ரிக்கர் பழகுறதுக்கு ஆகும்.