கடையில் எடுத்த டி-ஷர்ட்டில் மாம்பழமும் பெயரும்: மெஷின் எம்பிராய்டரி செய்முறை

கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் தொடங்கினால் எங்கள் குடும்பத்தில் பிறந்தநாள்களும் தொடங்கிவிடும். அக்கா பிள்ளைகள், தம்பி பிள்ளைகள் என்று வரிசையாக வரும். சாதா டி-ஷர்ட் எடுத்து, மார்பில் ஒரு மாம்பழமும் கீழே தமிழில் பெயரும் போட்டுக் கொடுக்கிறேன். மாம்பழத்தின் உடல் முழுக்க நூலால் நிரப்புவதில்லை. பாட்டியின் பழைய நூல் சேலையிலிருந்து ஒரு துண்டு வைத்துத் தைப்பது. குழந்தைக்குப் பாட்டி சேலையும் சேர்ந்து போகிறது என்பது எனக்குப் பெரிய விஷயம்.

நூல் கோப்பது, பாபின் சுற்றுவது, பென்டிரைவிலிருந்து டிசைன் ஏற்றுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

டி-ஷர்ட்டும் சாமான்களும்

ஒரே நிறத்தில், கொஞ்சம் கனமான பருத்திப் பனியன் துணியாக எடுங்கள். 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம் எடை) இருந்தால் நிம்மதி. உள்ளே கையை விட்டுப் பார்த்து விரல் தெரிந்தால் வேண்டாம். தைப்பதற்கு முன் கட்டாயம் ஒருமுறை துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும், எம்பிராய்டரி நூல் சுருங்காது. துவைக்காமல் தைத்தால் முதல் துவையலிலேயே படத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும்.

ஊசி 75/11, பால்பாயின்ட் முனை. கூர் முனை ஊசி பனியன் துணியின் கண்ணிகளை அறுத்துவிடும். அன்றைக்குத் தெரியாது, நாலு துவையல் போனபின் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளாகக் காட்டும். மேல்நூல் 40 நம்பர். ரேயான் பளபளப்பில் அழகுதான், ஆனால் அடிக்கடி துவைக்கிற பிள்ளை உடுப்புக்குப் பாலியெஸ்டர்தான் வாங்குவேன். பாபினில் 60 நம்பர் மெல்லிய நூல்.

துணி இழுபடாமல் இருக்க அடியில் வைக்கும் பேப்பரில் (ஸ்டெபிலைசர்) கஞ்சத்தனம் கூடாது. கிழித்து எடுக்கிற வகை காட்டன் சட்டைக்குச் சரி, பனியன் துணிக்குச் சரிப்படாது. வெட்டி எடுக்கிற கட்-அவே வகைதான் வேண்டும். அது படத்தின் பின்னால் கடைசிவரை இருந்து துணி இழுபடாமல் தாங்கும். எனக்கு உள்ளூர்க் கடைகளில் கிழிக்கிற வகைதான் கிடைத்தது. பெங்களூரு சிக்பேட்டைக்குப் போகிறவர்களிடம் சொல்லி மற்றதை வாங்கிக்கொள்கிறேன். மேலே போட, தண்ணீரில் கரையும் பிலிம் கொஞ்சம். இது இல்லாவிட்டால் எழுத்து துணிக்குள் அமுங்கிப்போகும்.

டிசைன்

காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. படம் வரையும் இங்க்ஸ்கேப்பும், அதோடு சேர்ந்து ஓடி அந்தப் படத்தைத் தையலாக மாற்றும் இங்க்ஸ்டிட்ச்சும் இலவசம். பிரதர் மெஷினுக்குப் பிஇஎஸ், ஜனோமுக்கு ஜெஇஎஃப் கோப்பாகச் சேமியுங்கள்.

100 மி.மீ. சதுர ஃபிரேமுக்கு நான் வைக்கும் கணக்கு: மாம்பழம் 65 மி.மீ. உயரம், இடைவெளி 8, எழுத்து 15. எழுத்தை இதைவிடச் சிறிதாக்கினால் 'ணை', 'ழு' போன்றவற்றின் சுழிகள் நூலால் அடைபட்டுப்போகும். தடித்த எழுத்துரு எடுங்கள். மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் 2 மி.மீ. அளவுக்குத் தனியாகப் பெரிதாக்குங்கள். புள்ளி தனியாக நிற்பதால் அதன் தொடக்கத்திலும் முடிவிலும் முடிச்சுத் தையல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு துவையலில் புள்ளி உதிர்ந்து 'கார்த்திக்' 'காரததிக' மாதிரி ஏதோவாகிவிடும். பிள்ளையின் பெயர், அதில் பிழை வரவே கூடாது.

மாம்பழத்துக்கு மூன்று அடுக்கு: இடம் காட்டும் ஓட்டுத் தையல், துண்டைப் பிடிக்கும் ஓட்டுத் தையல், ஓரத்தை மூடும் 3.5 மி.மீ. அகல சாட்டின் (இடைவெளி இல்லாமல் நெருக்கமாக விழும் தையல்). மூன்றுக்கும் வேறு வேறு நிறம் கொடுங்கள். நிறம் மாறும் இடத்தில் மெஷின் நிற்கும், நமக்கு அந்த நிறுத்தம்தான் தேவை.

ஃபிரேமில் மாட்டுவது: இங்கேதான் எல்லாம் கெடும்

டி-ஷர்ட்டை ஃபிரேமுக்குள் வைத்து இறுக்காதீர்கள். பனியன் துணி இழுத்தால் நீளும். நீண்ட நிலையில் தைத்துவிட்டுக் கழற்றினால் துணி பழைய இடத்துக்குத் திரும்பும், தையல் திரும்பாது. படத்தைச் சுற்றி அலை அலையாகச் சுருக்கம் விழுவதற்குக் காரணம் இதுதான். எந்த இஸ்திரியும் அதைச் சரி செய்யாது.

பேப்பரை மட்டும் ஃபிரேமில் மாட்டுங்கள். விரலால் தட்டினால் தப்பு மேளம் போலச் சத்தம் வர வேண்டும். அதில் நடுக்கோடு, குறுக்குக்கோடு போடுங்கள். மெஷினைவிட்டுத் தள்ளிப் போய், தற்காலிகமாக ஒட்டும் ஸ்ப்ரேயைப் பேப்பர் மேல் லேசாக அடியுங்கள்.

டி-ஷர்ட்டை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரிக் கோடு போட்டால் நடு கிடைக்கும். பிள்ளை அளவுக்குப் படத்தின் மேல் விளிம்பு கழுத்துப் பட்டியிலிருந்து ஒன்றரை அங்குலம் கீழே இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். பிறகு டி-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, முன்பக்கத்தை ஃபிரேம் மேல் வையுங்கள். கீழ்வாயைத் திறந்து விரித்தால் உள்ளே முன்பக்கத்தின் நல்ல பக்கம் உங்களைப் பார்க்கும். முதுகுப் பக்கமும் கைகளும் சுற்றிலும் ஒதுங்கி நிற்கும். கோட்டோடு கோட்டைப் பொருத்தி, உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக அழுத்துங்கள். இழுக்க வேண்டாம். ஒதுங்கிய துணியைச் சுருட்டித் துணிக் கிளிப்பால் பிடித்துவிடுங்கள்.

மேலே பிலிம் போட்டு, படத்தைச் சுற்றி ஒரு சதுரமாக நீண்ட ஓட்டுத் தையல் போடுங்கள். மெஷினில் அந்த வசதி இல்லையென்றால் கையால் போடலாம். தையல் தொடங்குமுன் ஃபிரேமுக்கு அடியில் கையைவிட்டுத் தடவிப் பாருங்கள். முதுகுத் துணி அங்கே மாட்டியிருந்தால் முன்னும் பின்னும் சேர்ந்து தைபட்டுவிடும்.

தைப்பது

வேகத்தை நிமிடத்துக்கு 400 தையலுக்குக் குறையுங்கள். முதல் அடுக்கு முடிந்ததும் மாம்பழத்துக்குள் வரும் பிலிமைக் கிழித்து எடுத்துவிட்டு, சேலைத் துண்டைக் கோட்டைத் தாண்டி நிற்கும்படி வையுங்கள். இரண்டாவது அடுக்கு முடிந்ததும் ஃபிரேமை மெஷினிலிருந்து எடுக்கலாம், துணியை ஃபிரேமிலிருந்து எடுக்கக் கூடாது. வளைந்த முனைக் கத்தரிக்கோலால் தையலை ஒட்டி மிச்சத்தை வெட்டுங்கள். ஒரு மி.மீ.க்கு மேல் மிச்சம் விட்டால் சாட்டினுக்கு வெளியே பிசிறு எட்டிப் பார்க்கும். பழைய சேலை இற்றுப்போயிருந்தால் முன்கூட்டியே பின்பக்கம் மெல்லிய ஃபியூசிங் (இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் துணி) ஒட்டிவிடுங்கள். பிறகு சாட்டின், இலை, பெயர்.

முடிந்ததும் சதுரத் தையலைப் பிரித்து, பிலிமைக் கிழித்து, மிச்சத்தை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். பின்பக்கப் பேப்பரைச் சுற்றிலும் ஒரு செ.மீ. விட்டு, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலை உடம்பில் குத்தும்.

பிற்சேர்க்கை: கைக்குழந்தைக்குப் பின்பக்கம் உறுத்தாதா என்று சிலர் கேட்டார்கள். உறுத்தும். பனியன் துணிபோல நீளும் மெல்லிய ஃபியூசிங் துணியைப் படத்தைவிட ஒரு செ.மீ. பெரிதாக வட்டமாக வெட்டி, உள்பக்கம் இஸ்திரியால் ஒட்டுங்கள். தண்ணீரில் அழியும் பேனாவால் கோடு போட்டிருந்தால், அதை அலசிப் போக்கியபின் மட்டுமே இஸ்திரி. சூடு பட்டால் அந்த மை அப்படியே தங்கிவிடலாம்.

இன்னொன்று: நடுவில் கரண்ட் போனால் துணியை அசைக்காமல் விடுங்கள். சில மெஷின்கள் நின்ற இடத்தை நினைவில் வைத்திருக்கும். உங்களுடையது அப்படி இல்லையென்றால் திரையில் ஓடும் தையல் எண்ணை அவ்வப்போது தாளில் குறித்துவையுங்கள். கரண்ட் வந்ததும் அந்த எண்ணிலிருந்து பத்துத் தையல் பின்னோக்கிப் போய்த் தொடங்கினால் நூல் விட்டுப்போகாமல் சேர்ந்துகொள்ளும்.