கறுப்பு வெள்ளைக்கும் நிறம்தான் மூலதனம்

கறுப்பு வெள்ளையில் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: நேரில் அவ்வளவு அழகாக இருந்தது, மாற்றிப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. கேமராவை மாற்றலாமா, வேறு லென்ஸ் வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். இரண்டும் வேண்டாம். நிறத்தை உருவிவிட்டால் மிச்சமிருப்பது கறுப்பு வெள்ளை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. சிவப்பு எவ்வளவு கறுக்க வேண்டும், நீலம் எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று யாராவது முடிவெடுத்தாக வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் மென்பொருள் எடுத்துவிடும்.

பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு செம்பருத்திப் பூ. கண்ணுக்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுமா? ஒவ்வொரு நிறத்தையும் 0 முதல் 255 வரை அளந்தால், பூவில் சிவப்பு 190, பச்சை 40, நீலம் 45 என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் அதே வரிசையில் 60, 105, 40. நிறப் படத்தைச் சாம்பலாக்கப் பரவலாகப் பயன்படும் கணக்கில் சிவப்புக்கு 29.9%, பச்சைக்கு 58.7%, நீலத்துக்கு 11.4% பங்கு. பெருக்கிக் கூட்டினால் பூ 85, இலை 84. மொத்தம் 256 படிகளில் ஒரே ஒரு படி வித்தியாசம். பூ இலைக்குள் கரைந்துவிட்டது. கணக்கில் பிழை இல்லை. உங்களை நிறுத்திப் படம் எடுக்க வைத்தது அந்தச் சிவப்புதான் என்பது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். அதே கோப்பைத் திருத்தும் மென்பொருளில் திறந்து, சிவப்பு எவ்வளவு வெளுக்க வேண்டும் என்று சொல்லும் சிவப்பு ஸ்லைடரைக் கொஞ்சம் ஏற்றினால் பூ பளிச்சென்று எழும்பும். சிவப்பை இறக்கிப் பச்சையை ஏற்றினால் வெளிறிய இலைகளுக்கு நடுவே இருண்ட பூ ஒன்று நிற்கும். எது சரி என்றால், அங்கே நின்றபோது நீங்கள் பார்த்தது எதுவோ அது.

இந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்க வேண்டுமானால், நிறம் கடைசி வரை கோப்பில் இருக்க வேண்டும்.

கேமராவிலேயே நிறத்தைத் தொலைப்பது

கேமரா மெனுவில் மோனோக்ரோம், அதாவது கறுப்பு வெள்ளை, என்று ஒன்று இருக்கும். அதை வைத்து ஜேபெக்கில் (கேமரா முடித்துச் சுருக்கித் தரும் சாதாரணப் படக்கோப்பில்) மட்டும் எடுத்தால், கேமரா தன் கணக்குப்படி சாம்பலாக்கிவிட்டு நிறத் தகவலை அழித்துவிடும். என் தாத்தாவின் கடைசிப் பிறந்தநாளில் நான் அப்படித்தான் எடுத்தேன். அவர் தோளில் மெரூன் சால்வை, பின்னால் கரும்பச்சைத் திரைச்சீலை. இரண்டும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொண்டன. தோள் எங்கே முடிகிறது, திரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. பிரித்தெடுக்க அந்தக் கோப்பில் எதுவும் இல்லை. இன்றைக்கும் அந்தப் படத்தைத் திறந்தால் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் ரா கோப்பில், அதாவது கேமராவின் சென்சார் (ஒளியை உணரும் சில்லு) பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில், எடுங்கள். கறுப்பு வெள்ளை ஜேபெக் ஒன்றில் இருப்பது 256 சாம்பல் படிகள். 14 பிட் ராவில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 16,384 படிகள் உண்டு. வெறும் வானம், மங்கலான சுவர் போன்ற இடங்களில் பிறகு கான்ட்ராஸ்ட்டை (இருளுக்கும் வெளிச்சத்துக்குமான வேறுபாட்டை) ஏற்றும்போது ஜேபெக் பட்டை பட்டையாகப் பிரிவது இதனால்தான்.

இதைக் கேட்டதும் மோனோக்ரோம் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறவர்களும் உண்டு. அதுவும் இழப்புதான். ராவில் எடுத்துக்கொண்டே மோனோக்ரோமைத் தேர்ந்தெடுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ரா கோப்பில் நிறம் முழுசாக இருக்கும். கண்ணைப் பழக்க இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் (இருள், வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்) பொதுவாக அந்த முன்னோட்டப் படத்திலிருந்து கணக்கிடப்படுவது. சிவப்பு மட்டும் தனியாக எல்லை தாண்டிப் போயிருந்தால் கறுப்பு வெள்ளை ஹிஸ்டோகிராமில் அது தெரியாமல் போகலாம். சிவப்புத் துணி, அந்தி வானம் போன்றவற்றை எடுக்கும்போது ஒருமுறை நிறத்துக்கு மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி ஃபில்டரும் நீல ஸ்லைடரும்

1927இல் அமெரிக்காவின் யோசெமிட்டியில் உள்ள ஹாஃப் டோம் பாறையைப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், லென்ஸின் முன் மாட்டும் நிறக் கண்ணாடிகளைக் கொண்டு, முதலில் மஞ்சள் ஃபில்டரிலும், பிறகு கருஞ்சிவப்பு ஃபில்டரிலும் எடுத்தார். இரண்டாவதில் வானம் ஏறக்குறையக் கறுப்பாகி, பாறை தனித்து நின்றது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் பலர் டிஜிட்டல் கேமராவுக்கும் சிவப்பு ஃபில்டர் வாங்குகிறார்கள். ஃபிலிமில் அது வேலை செய்ததற்குக் காரணம், ஃபிலிமின் ஒவ்வொரு புள்ளியும் எல்லா நிற ஒளியையும் வாங்கியது. பெரும்பாலான டிஜிட்டல் சென்சார்களில் அப்படி இல்லை. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் அவற்றின் மேல் இருக்கிறது: பாதி பிக்சல்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. சிவப்புக் கண்ணாடியை மாட்டினால் முக்கால்வாசி பிக்சல்கள் ஒளிக்குப் பட்டினி கிடக்கும். போதாததற்கு அடர்சிவப்பு ஃபில்டர் ஏறக்குறைய 3 ஸ்டாப் வெளிச்சத்தையும் விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது). அதே வேலையை ஸ்லைடரில் செய்யலாம். 2012இல் வந்த லைக்கா எம் மோனோக்ரோம் போல நிறவடிகட்டியே இல்லாத சென்சார் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்குக் கண்ணாடி ஃபில்டர்தான் ஒரே வழி. பிரதிபலிப்பை வெட்டும் ஃபில்டரான போலரைசரும் வேறு விஷயம். இலையின் மேல் மினுங்கும் பிரதிபலிப்பை எந்த ஸ்லைடராலும் எடுக்க முடியாது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடர் கைக்கு வந்ததும் அடுத்த தவறு வரும். நீலத்தை அடிமட்டம் வரை இழுப்பது. சின்னதாகப் பார்க்கும்போது வானம் கம்பீரமாக இருக்கும். 100% பெரிதாக்கி ஒரு மரக்கிளையின் ஓரத்தைப் பாருங்கள். கிளைக்கும் வானத்துக்கும் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடும். வானமே மணல் தூவினாற்போல இருக்கும். அந்த ஓரத்துப் பிக்சல்களில் வானத்தின் நீலமும் கிளையின் பழுப்பும் கலந்திருக்கின்றன. சுத்தமான நீலம் முழுசாக இருளும்போது கலப்பு நிறம் பாதிதான் இருளும், அது வெள்ளைக் கோடாகத் தெரியும். லென்ஸின் நிறப்பிறழ்வு (ஓரங்களில் நிறங்கள் விலகித் தெரியும் குறை) அதை இன்னும் தடிப்பாக்கும். ஆகவே முதலில் நிறப்பிறழ்வைச் சரிசெய்யுங்கள், அப்புறம் நீலத்தைத் தொடுங்கள். நடுவில் 0 இருக்கும் அந்த ஸ்லைடரில் நான் −40க்குக் கீழே போவது அபூர்வம். அதுவும் போதவில்லை என்றால் வானத்தை மட்டும் தேர்வுசெய்து எக்ஸ்போஷரை (மொத்த வெளிச்ச அளவை) குறைப்பேன்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. கறுப்பு வெள்ளைக்கு மாற்றிய பிறகும் ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) வேலை செய்துகொண்டுதான் இருக்கும். ராவைத் திறந்து அதற்கான வெப்பநிலை ஸ்லைடரை நகர்த்திப் பாருங்கள். முகமும் வானமும் எதிரெதிராக ஏறி இறங்கும். அதை முதலில் நிலைநிறுத்தாமல் மற்ற ஸ்லைடர்களோடு மல்லுக்கட்டினால் நேரம்தான் வீணாகும்.

முகங்கள்

எந்தத் தோலாக இருந்தாலும் அதன் நிறம் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் இடையில்தான் விழும். உதடு சிவப்புப் பக்கம் சாய்ந்திருக்கும். ஆகவே முகத்தைப் பிரகாசமாக்க இரண்டையும் சேர்த்து ஏற்றினால் உதடு காணாமல் போகும், கன்னம் மாவு பூசியதுபோல ஆகும். இரண்டையும் சேர்த்து இறக்கினால் பரு, தழும்பு, கண்ணடிக் கருமை எல்லாம் கூச்சலிடும். சிவப்பொளியை உணராத பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் உதடுகள் அவ்வளவு கறுத்து விழுந்ததும் இதே காரணத்தால்தான். நான் ஆரஞ்சை லேசாக ஏற்றி, சிவப்பை இருந்த இடத்திலேயே விடுவேன், அல்லது துளி இறக்குவேன்.

மாநிறமும் கறுப்புமான முகங்களில்தான் எனக்கு வருத்தம் அதிகம். ஆரஞ்சைத் தூக்கித் தூக்கி அந்த முகங்களை வெளுக்க வைத்துவிடுகிறார்கள். நெற்றியிலும் கன்ன எலும்பிலும் ஒளி வழுக்கும் அந்த மினுமினுப்புதான் கறுத்த தோலின் அழகு. தோலை வெளுக்க வைத்தால் மினுமினுப்புக்கும் அதைச் சுற்றிய இருளுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய், முகம் சாம்பல் அப்பியதுபோலத் தட்டையாகிவிடும். தோலை அதன் இடத்திலேயே விடுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பி நிற்க வையுங்கள், பின்புலத்தை மாற்றுங்கள்.

தேறாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது

நிறத்தில் நன்றாக வராத படத்தை இப்படிக் காப்பாற்றலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. கண்ணை உறுத்தும் விளக்கு நிறத்தை அது மறைக்கும், உண்மைதான். வெளிச்சம் தட்டையாக இருந்தால் எதுவும் செய்யாது. நிறப் படத்தில் ஒரு மஞ்சள் சட்டை ஆளைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டும். கறுப்பு வெள்ளையில் அந்த வேலையை ஒளியும் நிழலும் உருவமும் செய்ய வேண்டும். எடுப்பதற்கு முன் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். விவரமெல்லாம் மங்கி, இருட்டுத் திட்டும் வெளிச்சத் திட்டும் மட்டும் தெரியும். அந்தத் திட்டுகளிலேயே ஆள் தனியாகத் தெரிந்தால் படம் தேறும். தெரியவில்லையா, இரண்டடி நகர்ந்து நில்லுங்கள்.

எக்ஸ்போஷரில் வெளிச்சப் பகுதியைக் காப்பாற்றுங்கள். வெளுத்துப்போன மேகத்தில் பிறகு தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது. நாய்ஸுக்கு (படத்தில் தெரியும் புள்ளிப் புள்ளியான கரகரப்புக்கு) பயந்து ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) அமுக்கிப் பிடிக்க வேண்டாம். நிறப்புள்ளிகள் நீங்கியபின் மிஞ்சும் நாய்ஸ் நல்ல ஃபிலிமில் தெரியும் நுண்மணிகள் போலவே இருக்கும். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் மட்டும் நீலத்தை ஏற்றாதீர்கள், அங்கே நீலச் சேனலில்தான் அழுக்கெல்லாம் தங்கியிருக்கும். கான்ட்ராஸ்ட்டையும் கிளாரிட்டியையும் (ஓரங்களை அழுத்தமாக எடுத்துக்காட்டும் ஸ்லைடர்) சேர்த்துத் தூக்கி, தலையைச் சுற்றி ஒளிவட்டம் வர வைப்பதும் வேண்டாம். படத்தில் எங்காவது ஓரிடத்தில் உண்மையான கறுப்பு இருந்தால் போதும், எல்லா நிழலையும் கொல்ல வேண்டியதில்லை.

அச்சடிக்கிறவர்கள் திரையின் பிரகாசத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு திருத்துங்கள். பிரகாசம் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா (ஒளியின் அளவலகு) வரை இருந்தால் திரையும் தாளும் ஓரளவு ஒத்துப்போகும். முழுப் பிரகாசத்தில் திருத்திய படம் தாளில் இருட்டாகத்தான் விழும். நிற மைகளைக் கலந்து சாம்பல் உண்டாக்கும் பிரின்டரில் பச்சையோ மெஜன்டாவோ லேசாக எட்டிப்பார்க்கும். சாம்பல் மைகள் தனியாக உள்ள பிரின்டர் கிடைத்தால் அதையே கேளுங்கள். முதலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு அச்சு எடுத்து, மை நன்றாகக் காய்ந்தபின் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுப் பெரிய தாளை மாட்டுங்கள்.