மலைப்பாதையில் முன்கண்ணாடி மங்கியபோது

இலையுதிர் காலத்து வாரக் கடைசி, கார் நிறைய நண்பர்களோடு மலையேறிக்கொண்டிருந்தோம். வழியில் அருவியைப் பார்த்ததும் இறங்கி, எல்லோரும் தொப்பலாக நனைந்து ஏறினார்கள். அடுத்த கொண்டை ஊசி வளைவுக்குள் முன்கண்ணாடி உள்பக்கம் பால் பூசியதுபோல் மங்கிவிட்டது. துணியால் துடைத்தால் கோடு கோடாக ஈரம் இழுபட்டு, மறுபடி படிந்தது.

அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினேன். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து, ஏசியைப் போட்டு, சூட்டையும் கூட்டி, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினேன். இந்தக் குளிரில் ஏசியா என்று பின்சீட்டில் ஒரே கூச்சல்! காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பதே ஏசிதான்; சூடு கண்ணாடியின் குளிர்ச்சியைப் போக்கும். கீழ் ஓரத்திலிருந்து தெளிவு மெல்ல மேலேறியது.

நனைந்த ஜாக்கெட்டுகளை டிக்கிக்கு அனுப்பினேன், அதுவும் முக்கியம். உறைநிலைக்கு அருகில் பல கார்களில் ஏசி ஓடாது. அப்போது ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுங்கள்.