இம்ப்ளான்ட் பிரிட்ஜ்: செலவைக் கணக்கிடுவதில் நாம் செய்யும் தவறுகள்

"ஒரு இம்ப்ளான்ட் எவ்வளவு ஆகும்?" பல் போன பிறகு மருத்துவரிடம் நாம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். (போன பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் பதிக்கும் திருகுதான் இம்ப்ளான்ட்; அதன் மேல்தான் பல் கட்டுவார்கள்.) அவர் ஒரு தொகை சொல்வார். போனது மூன்று பல், அப்படியானால் மூன்று மடங்கு என்று மனசுக்குள் பெருக்கிப் பார்த்துவிட்டு, நமக்குக் கட்டுப்படியாகாது என்று எழுந்து வந்துவிடுவோம். இல்லையென்றால் நாலு இடத்தில் விசாரித்து, குறைவாகச் சொன்ன இடத்தில் முன்பணம் கட்டிவிடுவோம். இரண்டும் தவறான முடிவாகப் போக வாய்ப்பு அதிகம். சொன்ன தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று நாம் கேட்கவே இல்லையே!

முதலில் அந்தப் பெருக்கல் கணக்கைப் பார்ப்போம். போன ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு இம்ப்ளான்ட் தேவையில்லை. பிரிட்ஜ் என்பதன் பொருளே அதுதான். அடுத்தடுத்து மூன்று பற்கள் போயிருந்தால் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று பதித்து, நடுப்பல்லை அவற்றின் மேல் தாங்க வைக்கலாம். நான்கு பற்களுக்கும் பல நேரம் இரண்டு போதும். ஒரு தாடை முழுவதும் பல் இல்லாதவர்களுக்கே நான்கு முதல் ஆறு வரை பதித்து முழு வரிசையையும் கட்டிவிடுகிறார்கள். அதற்காக, "ஒன்றைக் குறைத்துப் போடுங்கள், செலவு குறையும்" என்று நாமாகப் பேரம் பேசக் கூடாது. எத்தனை வேண்டும் என்பதை எலும்பின் தரமும் கடிக்கும் விசையும் தீர்மானிக்கின்றன. ஒரு பக்கம் இம்ப்ளான்ட், மறுபக்கம் சொந்தப் பல் என்று இணைத்துக் கட்டுவதையும் பெரும்பாலான மருத்துவர்கள் தவிர்க்கிறார்கள். சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் இருப்பதால் அது கடிக்கும்போது துளி அசைந்து கொடுக்கும். இம்ப்ளான்ட் எலும்போடு இறுகியிருப்பதால் அசையாது. சுமை ஒரே பக்கம் ஏறும். சொந்தப் பல் உள்ளே இறங்கிவிடுவதும் உண்டு.

அடுத்தது, நான் நேரில் பார்த்த தவறு. என் அம்மாவுக்குக் கீழ்த்தாடையில் மூன்று கடைவாய்ப் பற்கள் கட்ட வேண்டியிருந்தது. ஓரிடத்தில் தந்த மதிப்பீட்டுச் சீட்டில் "இம்ப்ளான்ட் - 2" என்று ஒரே வரி, எதிரில் ஒரு தொகை. பார்க்கக் குறைவாகத்தான் இருந்தது. இதில் பல்லும் சேர்த்தியா என்று கேட்டேன். இல்லை, எலும்புக்குள் போகும் டைட்டானியம் திருகுக்கு மட்டும்தானாம். திருகையும் பல்லையும் இணைக்கும் அபட்மென்ட் தனி. மேலே வரும் மூன்று பல் பிரிட்ஜ் தனி. ஸ்கேன் தனி. இடைக்காலப் பல் தனி. எல்லாவற்றையும் கூட்டியபோது சீட்டில் இருந்ததைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. "ரொம்ப அதிகம்" என்று நாங்கள் ஒதுக்கிய இன்னோர் இடத்தில், முதல் ஸ்கேன் முதல் கடைசியாகக் கடி சரிபார்ப்பது வரை எல்லாம் சேர்த்தே சொல்லியிருந்தார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் சொற்பம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: "பல் கட்டி முடித்து நான் சாப்பிட ஆரம்பிக்கும் வரை மொத்தம் எவ்வளவு?" பதிலை வரிவரியாக எழுதி வாங்குங்கள். பிரிட்ஜ் முழுக்க ஜிர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகையா, உலோகத்தின் மேல் பீங்கானா என்பதும் அதில் இருக்கட்டும். பொருள் மாறினால் விலையும் மாறும்.

ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே சொல்லப்படும் தொகையை நம்பிவிடுவதும் தவறுதான். பல் எடுத்த இடத்தில் எலும்பு கரையத் தொடங்கும். முதல் ஆண்டில்தான் அதிகம் கரையும். வழக்கமான எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. அதற்கு சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வேண்டும். எலும்பு போதாது என்றால் எலும்புத்தூள் வைத்து வளர்க்க வேண்டும். மேல் கடைவாய்ப் பகுதியானால் அதற்கு மேலே இருக்கும் சைனஸ் என்ற காற்றறையின் தரையை உயர்த்த வேண்டியும் வரலாம். இவை செலவையும் காலத்தையும் கூட்டும். ஸ்கேன் பிரதியை வாங்கி வைத்துக்கொண்டால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது மறுபடி எடுக்க வேண்டியிருக்காது.

"ஒரே நாளில் நிலையான பல்" என்ற விளம்பரத்திலும் கொஞ்சம் நிதானம் வேண்டும். டைட்டானியம் எலும்போடு பிரிக்க முடியாதபடி ஒன்றிவிடும் என்பதை 1952-ல் கவனித்தவர் சுவீடன் நாட்டின் பெர்-இங்வார் பிரேனமார்க். முயலின் கால் எலும்பில் ஒரு சோதனை செய்துகொண்டிருந்தபோது தெரியவந்த விஷயம் அது. 1965-ல் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அந்த ஒன்றுதல் நடக்க இன்றும் பெரும்பாலும் சில மாதங்கள் ஆகின்றன. இம்ப்ளான்ட் பதித்த அன்றே பல் பொருத்துவது சிலருக்குச் சாத்தியம்தான். ஆனால் அன்று வைப்பது பெரும்பாலும் இடைக்காலப் பல். சில மாதம் கழித்து வரும் நிரந்தரப் பல்லுக்கும் சேர்த்துத்தான் அந்த விலையா என்று கேளுங்கள்.

சரி, பல் கட்டியாயிற்று, செலவு முடிந்ததா? இல்லை. என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இம்ப்ளான்ட் சொத்தையாகாது, உண்மை. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஈறு அழன்று, எலும்பு கரையலாம். பிரிட்ஜுக்கு அடியில் உணவு தங்கும். இடுக்கு பிரஷ், தடித்த ஃப்ளாஸ் நூல், தண்ணீர் பீய்ச்சும் கருவி என்று ஏதாவது தினமும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும். புகைப்பவர்களுக்கும் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இம்ப்ளான்ட் தோற்கும் அபாயம் கூடுதல். எலும்புத் தேய்மானத்துக்கு மருந்தோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கு இரவுக் காப்புத் தட்டு தேவைப்படும்.

இம்ப்ளான்ட் பல ஆண்டுகள் நிற்கும், அதன் மேலுள்ள பல் அவ்வளவு நாள் தாங்காமல் போகலாம். பீங்கான் சில்லு தெறிப்பதும், பல்லைத் திருகோடு பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ தளர்வதும் சாதாரணம். ஸ்க்ரூவால் பிடித்த பிரிட்ஜ் என்றால் கழற்றிச் சரிசெய்து மாட்டலாம். சிமென்ட் வைத்து ஒட்டியதை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கலாம். ஈறுக்குள் தங்கிய சிமென்டே அழற்சியைக் கிளப்புவதும் உண்டு. இரண்டில் எது என்று பிரிட்ஜ் செய்யும் முன்பே கேளுங்கள். "ஆயுட்கால உத்தரவாதம்" என்பது பல நேரம் திருகுக்கு மட்டுமே. அது தோற்றால் புதுத் திருகு இலவசமாக வரும். அறுவை சிகிச்சைக்கும் புதுப் பல்லுக்கும் பணம் கட்டப் போவது நீங்கள்தான்.

காப்பீடு இருப்பவர்கள் ஆண்டு உச்சவரம்பையும், காப்பீடு எடுப்பதற்கு முன்பே போன பல்லுக்குப் பணம் தருவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். மலிவென்று வெளியூர், வெளிநாடு போகிறவர்கள் எத்தனை முறை போய்வர வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். போன பல்லுக்கு இரண்டு பக்கமும் உள்ள பற்களுக்கு ஏற்கெனவே கேப் போட்டிருந்தால், அவற்றின் மேலேயே தாங்கும், இம்ப்ளான்ட் இல்லாத சாதாரண பிரிட்ஜே பொருந்தலாம். அதையும் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இம்ப்ளான்ட் வரும் பெட்டியில் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதை ஒட்டிய அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பொதுவாக ஒரு நிறுவனத்தின் ஸ்க்ரூவும் அதைத் திருப்பும் கருவியும் இன்னொன்றுக்குப் பொருந்தாது. அம்மாவுக்கு இரண்டு ஆண்டு கழித்து ஸ்க்ரூ ஒன்று தளர்ந்து பல் ஆடியது. அப்போது நாங்கள் வேறு ஊருக்கு மாறியிருந்தோம். புது மருத்துவர் அட்டையைப் பார்த்தார், அதற்கான கருவியை எடுத்தார். பல்லின் மேலிருந்த சின்ன அடைப்பை நீக்கி, ஸ்க்ரூவை மாற்றி முறுக்கினார். அரை மணி நேரத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.