பனியில் வழுக்காத பூட்ஸ் எது? சின்னமுட்டத்து ஐஸ் பாரில் ஒரு சோதனை

அக்கா மகன் கனடாவுக்குக் கிடங்கு வேலைக்குப் போகிறான். இரண்டு ஜோடி பூட்ஸைக் கொண்டுவந்து, "மாமா, இதுல எது வழுக்காது?" என்று கேட்டான். நம்மூரில் பனிக்கு எங்கே போவது? கன்னியாகுமரிப் பக்கம் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் மீனுக்குப் போடும் ஐஸ் பார், அதாவது பெரிய ஐஸ் கட்டி, இருக்கிறதே!

பூட்ஸில் 'எஸ்ஆர்சி' (SRC) என்ற வழுக்காமைக் குறி இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். அது சோப்புத் தண்ணீர் ஊற்றிய டைல்ஸிலும் கிளிசரின் தடவிய எஃகுத் தரையிலும் பார்த்த சோதனை. பனிக்கட்டி அதில் இல்லை.

டொராண்டோ ஆய்வுக்கூடம் ஒன்றில், பாதுகாப்புப் பட்டை கட்டிய ஆட்களைப் பனித்தரையில் நடக்கவிட்டு, வழுக்கும்வரை தரையைச் சரிக்கிறார்கள். 7 டிகிரி தாங்கினால்தான் தேர்ச்சி. நாம் ஆளை ஏற்றக்கூடாது, பூட்ஸை மட்டும் ஏற்றுவோம்.

முதலில், பூட்ஸை ஐஸ் பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். குளிரில் ரப்பர் இறுகும். வெயிலில் கிடந்த பூட்ஸைச் சோதித்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

அடுத்து, நீளமான பலகையில் சாக்கு விரித்து, பாதி ஐஸ் பாரை வையுங்கள். கீழ்முனையில் கட்டை அடித்தால் ஐஸ் நழுவாது. அந்த முனையிலிருந்து 100 செ.மீ. தள்ளிப் பலகையில் ஒரு கோடு போடுங்கள்.

நான் ஐஸைத் துணியால் துடைக்கப் போனேன். ஐஸ் உடைக்கும் அண்ணாச்சி தடுத்துவிட்டார்: "துடைக்காதீங்க மக்கா, தண்ணி நின்னாத்தான் வழுக்கும்." அவர் சொன்னதுதான் சரி. உருகும் ஐஸ் மேல் நிற்கும் அந்த மெல்லிய நீர்தான் காலை வாருவது. ஈரமில்லாத ஐஸில் நன்றாகப் பிடிக்கிற சோல்கூட அங்கே கைவிட்டுவிடும்.

அப்புறம், பூட்ஸுக்குள் 5 கிலோ மணல் பையை இறக்கி ஐஸ் மேல் வையுங்கள். இன்னொருவர் பலகையின் மறுமுனையை மெல்ல, மெல்லத் தூக்கட்டும். பூட்ஸ் நகர்ந்ததும் நிறுத்தி, தரையிலிருந்து கோட்டின் உயரத்தை அளங்கள். 12 செ.மீ. என்றால் ஏறக்குறைய 7 டிகிரி. 19 என்றால் 11. 26 என்றால் 15.

பூட்ஸின் நுனி மேலே பார்த்தபடி ஐந்து முறை, கீழே பார்த்தபடி ஐந்து முறை செய்து, வந்ததில் குறைந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். ஆள் நடப்பதும் மணல் பை நிற்பதும் ஒன்றல்ல, அதனால் இதைத் தேர்ச்சிச் சான்றாக எடுக்காதீர்கள். இரண்டு ஜோடிகளை ஒப்பிட இது போதும்.

எங்கள் சோதனையில், ஆழமான பள்ளங்களோடு கம்பீரமாக இருந்த ஜோடி 9 செ.மீ.யிலேயே சறுக்கியது. நகம் அமுங்கும் அளவுக்கு மெத்தென்ற சோல் இருந்தது 14 வரை நின்றது. அவன் பெட்டியில் இப்போது அந்த ஜோடிதான் இருக்கிறது.